வளவறையில் கிடைத்த 14 ரீல் டப்பா: வீட்டிலேயே படத்தை மீட்க முடியுமா?

நீங்கள் எழுதியிருந்ததை ஒருமுறை சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். தேவகோட்டைப் பக்கம் உங்கள் பூர்வீக வீடு. இரண்டாங்கட்டில், முற்றத்தை ஒட்டிப் பூட்டிக் கிடந்த வளவறையைத் திறந்தபோது 14 தகர டப்பாக்கள். உங்கள் ஐயா ஒரு காலத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். டப்பாக்களில் 35 எம்.எம். ரீல். முதல் ரீலை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பெயரைப் படித்திருக்கிறீர்கள், 1950களின் கருப்பு வெள்ளைப் படம். மூடியைத் திறந்தால் ஊறுகாய்ப் பானையைத் திறந்த மாதிரி நெடி. அதே படம் இணையத்தில் மங்கலாக, பாட்டுகள் வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. வெளிநாட்டில் ரசிகர்களே தியேட்டர் பிரிண்டைத் தேடிப் பிடித்து 4கே (சுமார் 4,000 பிக்சல் அகல டிஜிட்டல் படம்) ஆக்கியதைப் படித்துவிட்டு, நாமும் செய்யலாமா, என்ன செலவாகும் என்று கேட்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்வி வேறு மாதிரிக் கேட்கிறது. இந்த டப்பாக்குள் இணையத்தில் இல்லாத எதுவும் இருக்கிறதா, இருந்தால் கைவைத்துக் கெடுக்காமல் அதை வெளியே எடுப்பது எப்படி என்பதுதான் அது. செலவு அப்புறம்.

நான் கோடம்பாக்கத்தில் ஒரு லேபில் பிரிண்ட் செக்கிங்கில் ஆரம்பித்து, கடைசிப் பத்து வருடம் ஸ்கேனிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கோட்டையூரில் இருக்கிறேன். பிலிமைக் கையில் தொட்டு வேலை செய்ததைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். வேதியியல் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அளவுதான். சட்டம் அதைவிடக் குறைவு. டப்பாக்களை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மனதில் வையுங்கள்.

முதலில் அந்த நெடி. அது நல்ல செய்தியும் கெட்ட செய்தியும். 1951 வரை 35 எம்.எம். பிலிம் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் அடிப்பொருளில்தான் வந்தது. அது வெடிமருந்துக்குப் பங்காளி முறை. பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும், ஏனென்றால் எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. புனே திரைப்படக் கழகத்து வளாகத்தில் 2003 ஜனவரியில் பற்றிய தீயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் ரீல்கள் ஆயிரக்கணக்கில் போயின. அதற்குப் பிறகு வந்த அசிடேட் பிலிம் அப்படி எரியாது. ஆனால் வயதானால் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். காடி (வினிகர்) நெடி என்றால் அது அசிடேட், சந்தேகமில்லை. ஆனால் நெடி எந்த டப்பாவிலிருந்து வந்தது? டூரிங் டாக்கீஸ்காரர் வீட்டுப் பெட்டியில் ஒரே படத்தின் ரீல்தான் இருக்கும் என்று நான் நம்பமாட்டேன். பழைய படத்தின் ஒற்றை ரீல், நியூஸ் ரீல், ஸ்லைடு எல்லாம் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நெடி வேறு மாதிரி, அழுக்குச் சாக்ஸ் மாதிரி இருந்தாலோ, பிலிம் பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தாலோ, பழுப்புப் பொடி உதிர்ந்தாலோ அந்த டப்பாவை மூடி, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வார்கள். தேக்குத் தூணும் தேக்கு உத்தரமுமாக நிற்கிற வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

விளிம்பில் ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நைட்ரேட் இல்லை என்று படித்திருப்பீர்கள். பாதி உண்மை. பிரிண்ட் எடுக்க மூலமாக இருந்த நெகட்டிவின் விளிம்பில் இருக்கும் எழுத்தும் பிரிண்டில் விழும். தெளிந்த விளிம்பில் கருப்பாக இருந்தால் அந்த எழுத்து உங்கள் ரீலுக்கே உரியது. கருத்த விளிம்பில் வெள்ளையாக இருந்தால் அது நெகட்டிவிலிருந்து வந்தது, உங்கள் ரீலைப் பற்றி எதுவும் சொல்லாது. கோடாக் பிலிமாக இருந்தால் பக்கத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போலச் சின்னக் குறிகள் இருக்கும். அவை பிலிம் தயாரான ஆண்டைச் சொல்பவை. அந்த வரிசை 20 வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் 1956ஆ 1976ஆ என்று குழம்புவதும் உண்டு. இது வெறும் ஆர்வக் கணக்கு இல்லை. படம் வந்த வருடத்துப் பிரிண்டா, இருபது வருடம் கழித்து மறு வெளியீட்டுக்குப் போட்ட பிரிண்டா என்பது இங்கேதான் தெரியும். மறு வெளியீட்டில் பாட்டையும் நகைச்சுவையையும் வெட்டிப் போட்டது சர்வ சாதாரணம்.

காடி நெடி வந்த பிலிமுக்கு வைத்தியம் கிடையாது. மெதுவாக்கலாம், அவ்வளவுதான். வெளியேறும் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். 21 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் புதிய அசிடேட் பிலிமுக்கு நெடி தொடங்க ஏறத்தாழ 40 வருடம் ஆகும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சித்திரை வைகாசியில் நம் ஊர் 40 டிகிரியைத் தொடும்போது அந்தக் கணக்கு என்னாகும் என்று நீங்களே பாருங்கள். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். செட்டிநாட்டு வீட்டின் கீழ்க்கட்டு உள்ளறை, தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சுமாக, சென்னையில் மூன்றாம் மாடி பிளாட்டை விட நல்ல இடம். உங்கள் ஐயா மேல்மாடியில் ஓட்டுக்கடியில் வைக்காமல் கீழே வைத்ததால்தான் இன்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வாரத்தில் செய்யவேண்டியது கொஞ்சம்தான். நெடி வருகிறதையும் வராததையும் தனித்தனி அறையில் வையுங்கள், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றும். டப்பாவைப் படுக்கையாக, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். துருப்பிடித்த டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள், துரு உதிர்ந்து கீறும், சிதைவையும் முடுக்கும். பிளாஸ்டிக் பிலிம் டப்பா கிடைக்கும்வரை சுத்தமான அட்டைப்பெட்டி போதும். காற்றோட்டம் வேண்டும், ஆகவே பாலித்தீனில் இறுக்கிக் கட்டாதீர்கள். அந்துருண்டை, கற்பூரம் எதுவும் வேண்டாம். குளிர்பெட்டியில் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். குளிர் சிதைவை மெதுவாக்கும் என்பது உண்மை. ஆனால் ஈரம் புகாத இரட்டை உறை இல்லாமல் வைத்து எடுத்தால் வேர்த்துப்போய் எமல்ஷன் (படம் பதிந்திருக்கும் மேல்பூச்சு) ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் செய்வதைவிடச் செய்யாமல் விடுவது மேல். திறந்து பார்க்கும்போது ஜன்னல் அருகில் உட்காருங்கள், தலைவலி வரும்.

பழைய புரொஜக்டர் ஒன்று உறவினர் வீட்டில் இருக்கிறது, ஓட்டிப் பார்க்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். கூடாது. பிலிம் சுருங்கியிருக்கும். எவ்வளவு என்று வீட்டிலேயே அளக்கலாம். 35 எம்.எம். பிரிண்டின் ஓரத்தில் ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் இடைவெளி 4.75 மில்லிமீட்டர். நூறு இடைவெளிக்கு 475 மில்லிமீட்டர் வரவேண்டும். ஒரு இரும்பு ஸ்கேல் மேல் பிலிமை இழுக்காமல் படுக்கப்போட்டு நூறு எண்ணுங்கள். 470 தான் வருகிறது என்றால் ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது, பல்சக்கரம் உள்ள எந்திரம் அதைக் கிழித்துவிடக்கூடும். எனக்கு இது பட்டறிவு. ஒரு மே மாதம் மதியம், அவசரத்தில் அளக்காமல் ஒரு ரீலை மோட்டார் ரீவைண்டரில் போட்டேன். சத்தம் மாறியதைக் கேட்டு நிறுத்துவதற்குள் நாற்பது அடிக்கு ஓட்டை எல்லாம் கிழிந்துவிட்டது. அது ஒரு பாட்டின் நடுப்பகுதி. அந்தப் பாட்டை இப்போதும் வானொலியில் கேட்டால் சேனலை மாற்றிவிடுவேன்.

சரி, படம் முழுதாக இருக்கிறதா? முதல் ரீலின் தலையில் தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதா பாருங்கள். அதில் எத்தனை ரீல், எத்தனை அடி அல்லது மீட்டர் என்று போட்டிருக்கும். 35 எம்.எம்.மில் ஒரு அடிக்கு 16 பிரேம், வினாடிக்கு 24 பிரேம், ஆக நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் 11 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஓடும். உங்கள் 14 டப்பாவும் நிரம்பியிருந்தால் சுமார் இரண்டரை மணி நேரம். அந்தக் காலத்துப் படம் 16, 17 ரீல் என்பது வழக்கம். எனவே இரண்டு மூன்று ரீல் குறைய வாய்ப்பிருக்கிறது, இது என் ஊகம் மட்டுமே. முழு ரீல் குறையாவிட்டாலும் உள்ளே குறைந்திருக்கும். ரீலின் தலையும் வாலும்தான் அதிகம் அடிபடும். அறுந்த இடத்தில் ஆபரேட்டர் இரண்டு பிரேம் வெட்டி ஒட்டுவார், அடுத்த ஊர் ஆபரேட்டர் இன்னும் நாலு வெட்டுவார். கதாநாயகியின் குளோசப் என்றால் அறாமலே வெட்டுப்படும். நானே பள்ளிப் பருவத்தில் அப்படி வந்த துண்டுகளைக் காசு கொடுத்து வாங்கி, பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, அப்பச்சியின் வேட்டியில் படம் காட்டியவன். ஆகையால் ஆபரேட்டர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இப்போது நீங்கள் படித்த வெளிநாட்டுக் கதை. 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை ஜார்ஜ் லூகாஸ் 1997இல் மாற்றி வெளியிட்டார். பழைய வடிவம் நல்ல தரத்தில் அதிகாரபூர்வமாக நெடுங்காலம் வெளிவரவில்லை. தியேட்டரில் பார்த்த அதே படம் வேண்டும் என்று ரசிகர்கள் அந்தக் காலத்து 35 எம்.எம். டெக்னிகலர் பிரதியைத் தேடி ஸ்கேன் செய்து, பிரேம் பிரேமாகச் சுத்தம் செய்தார்கள். 4கே77 என்று அதற்குப் பெயர். டெக்னிகலரின் சாயமேற்றும் முறையில் எடுத்த பிரதி என்பதால் நிறம் போகவில்லை. சாதாரண ஈஸ்ட்மேன்கலர் பிரிண்டாக இருந்திருந்தால் இந்நேரம் வெளுத்து ரோஸ் நிறமாகியிருக்கும், நம் 60களின், 70களின் கலர்ப் பட பிரிண்டுகள் ஆகியிருப்பதைப் போல. உங்கள் படம் கருப்பு வெள்ளை என்பதில் இந்த விதத்தில் அதிர்ஷ்டசாலி நீங்கள். வெள்ளியால் ஆன பிம்பம் சாயம் போல மங்காது.

ஆனால் அவர்கள் நிலைமையும் நம் நிலைமையும் ஒன்று இல்லை. அங்கே உரிமையாளர் கையில் நெகட்டிவ் இருந்தது, பழைய வடிவத்தைத் தரத்தான் மனமில்லாமல் இருந்தது. இங்கே யாரும் மறைத்து வைக்கவில்லை. நெகட்டிவே எங்கே என்று தயாரிப்பாளரின் பேரனுக்கும் தெரியாது. தமிழின் முதல் மௌனப் படமான ‘கீசக வதம்’ இல்லை, 1931இல் வந்த முதல் பேசும் படம் ‘காளிதாஸ்’ இல்லை. பழைய பிரிண்டுகளைக் கரைத்து வெள்ளி எடுத்தார்கள் என்பது நான் கேள்விப்பட்டது இல்லை, கண்ணால் பார்த்தது. நம் ஊருக்கே சினிமா எவ்வளவு நெருக்கம் என்று நினைத்துப் பாருங்கள். ஏவி. மெய்யப்பச் செட்டியார் காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947இல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்ததுதான். 1948இல்தான் கோடம்பாக்கம் போனார்கள். அந்த இடத்திலிருந்து சில மைலில் உங்கள் டப்பாக்கள் கிடந்திருக்கின்றன. அதனால் ‘நல்ல பிரதி வேறெங்காவது இருக்கும்’ என்ற எண்ணத்தில் டப்பாவை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் போட்டுவிடாதீர்கள். அங்கே ரீலைக் கொட்டிவிட்டு டப்பாவை மட்டும் அலங்காரப் பொருளாக வாங்கிப்போகிற ஆட்கள் உண்டு.

பிரிண்ட் என்ன தரும், என்ன தராது என்பதில் நிறையப் பேருக்குத் தவறான எதிர்பார்ப்பு. தியேட்டர் பிரிண்ட் நெகட்டிவிலிருந்து எடுத்த நகல், சில சமயம் நகலின் நகல். ஒவ்வொரு தலைமுறையிலும் நுணுக்கம் குறையும். கான்ட்ராஸ்ட் (இருளுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாடு) கூடும், ஏனென்றால் பெரிய திரையில் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதற்காகவே அப்படிப் போடுவார்கள். இருட்டுப் பகுதியில் நெகட்டிவில் இருந்த புடவைக்கரை பிரிண்டில் வெறும் கருப்பாக இருக்கும், அதை எந்த மென்பொருளும் கொண்டுவராது. என் அனுபவத்தில் நல்ல தியேட்டர் பிரிண்டில் 2கே (4கேயின் பாதி அகலம்) அளவுக்குத்தான் விவரம் இருக்கும், பலமுறை ஓடிய பிரிண்டில் அதுவும் இல்லை. 4கேயில் ஸ்கேன் செய்தால் படத்தின் துகள் (பிலிமுக்கே உரிய பொடிப்பொடியான தோற்றம்) இன்னும் இயல்பாகப் பதியும் என்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் அது பணம் இருந்தால் பார்க்கவேண்டியது. பிரிண்டின் உண்மையான மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மக்கள் உட்கார்ந்து பார்த்தது எது என்பதற்கு அது சாட்சி. எந்தக் காட்சி இருட்டாக இருந்தது, பகலில் எடுத்து இரவாகக் காட்டிய காட்சியை எவ்வளவு கருப்பாக அச்சிட்டார்கள், எந்தப் பாட்டு எங்கே வந்தது, திரையில் படச்சட்டம் எதுவரை இருந்தது என்பதெல்லாம் நெகட்டிவில் முழுதாகத் தெரியாது, பிரிண்டில்தான் தெரியும். தொலைக்காட்சிக்காக மாற்றும்போது 1.37க்கு 1 என்ற பழைய சட்டத்தின் தலையையும் காலையும் வெட்டி அகலத்திரை ஆக்கியிருப்பார்கள். இணையத்தில் நீங்கள் பார்ப்பதில் பரதநாட்டியக் காட்சியில் பாதம் தெரியவில்லை என்றால் காரணம் இதுதான். உங்கள் ரீலில் பாதம் இருக்கும்.

ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது ஓட்டையைப் பிடித்து இழுக்காத, உருளை மட்டும் உள்ள எந்திரமா என்று கேளுங்கள். ‘ஆமாம்’ என்ற பதில் வராவிட்டால் கொடுக்காதீர்கள். இரண்டாவதாக, பிரேமை மட்டும் வெட்டி எடுக்காமல், ஓட்டையிலிருந்து ஓட்டை வரை முழு அகலத்தையும், ஒலித்தடத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது, எதையும் திருத்தாத மூலக் கோப்பு உங்கள் கைக்கு வரவேண்டும். அதுதான் இனி உங்கள் ரீல். இந்த ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். கோப்பின் அளவைக் கேட்டு மயங்காதீர்கள். டிபிஎக்ஸ் என்ற கோப்பு வடிவில் 10 பிட் 4கே பிரேம் ஒன்று ஏறத்தாழ 51 மெகாபைட். உங்கள் 14 ரீலில் சுமார் 2,20,000 பிரேம், ஆக 11 டெராபைட் தாண்டும். 2கே என்றால் அதில் கால்பங்கு. அதை இரண்டு இடத்தில் வைக்கவேண்டும், ஒன்று இந்த வீட்டில் இல்லாமல். செலவு ஸ்கேன் கட்டணத்தோடு முடியாது என்பது இங்கே புரிந்திருக்கும். தொகை இடத்துக்கு இடம், ரீலின் நிலைக்கு ஏற்ப மாறும். ரீலைப் பார்க்காமல் தொகை சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஸ்கேன் செய்வதற்கு முன் கைச்சுத்தம் உண்டு. உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைக்கலாம், பிலிம் வளையாமல் இருந்தால். தண்ணீர், ஸ்பிரிட், சென்ட் கலந்த எதுவும் வேண்டாம். பழைய ஒட்டு விட்டுப்போயிருந்தால் நீங்கள் ஒட்ட முயலாதீர்கள், வரிசை எண் எழுதிய துண்டுக் காகிதத்தோடு அப்படியே சுற்றிக் கொடுங்கள். வீட்டு செலோடேப்பைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியிருக்கிறது.

அப்புறம் சுத்தம் செய்வது. ஆசை இங்கேதான் ஆபத்தாகும். திரையில் மழை பெய்கிறது என்போமே, அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் பார்த்தே ஒரு விஷயம் சொல்லிவிடலாம். கருப்பாகத் தெரியும் தூசி உங்கள் பிரிண்டின் மேல் உட்கார்ந்தது. வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் நெகட்டிவின் மேல் இருந்த தூசி, அச்சிடும்போதே விழுந்துவிட்டது. கோட்டிலும் அப்படித்தான், பிலிமின் முதுகில் விழுந்த கீறல் கருப்பாகவும் எமல்ஷன் உரிந்த கீறல் வெள்ளையாகவும் தெரியும். முதுகுக் கீறல்களில் பலவற்றைத் திரவத்தில் நனைத்து ஸ்கேன் செய்யும் எந்திரம் மறைத்துவிடும். உரிந்தது உரிந்ததுதான். நிறப் படங்களில் அகச்சிவப்புக் கதிரால் தூசி எங்கே இருக்கிறது என்று எந்திரமே கண்டுபிடிக்கும். கருப்பு வெள்ளையில் அது பலிக்காது, பிம்பத்தின் வெள்ளியே அந்தக் கதிரைத் தடுத்துவிடும், எந்திரத்துக்கு முகமும் தூசியும் ஒன்றாகத் தெரியும். எனவே உங்கள் படத்துக்குத் தானாக ஓடும் மென்பொருளும் கண்ணும்தான். ஒரு பிரேமுக்கு ஒரு நிமிடம் என்று வைத்தாலே 2,20,000 பிரேமுக்கு 3,600 மணி நேரத்துக்கு மேல் ஆகும், நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் 450 நாளுக்குக் குறையாது. ஆகையால் எல்லோரும் தானியங்கிப் பொத்தானை அழுத்துகிறார்கள்.

அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பழைய படத்தின் திருமணக் காட்சி. மென்பொருள் ஒரு பிரேமில் தோன்றி அடுத்ததில் மறையும் எதையும் தூசி என்று எடுத்துக்கொள்ளும். சுத்தம் முடிந்து ஓட்டிப் பார்த்தால் எல்லோரும் கையை வீசுகிறார்கள், அட்சதை விழவே இல்லை! மணப்பெண்ணின் வைர மூக்குத்தி முகம் திரும்பும்போது ஒரு கணம் மின்னவேண்டும், அதையும் அழித்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. வைரத்தோட்டையும் மூக்குத்தியையும் தூரத்திலிருந்தே எடைபோடுகிற ஆச்சிமார் நடுவில் வளர்ந்ததால் எனக்கு உறுத்தியது. மழை, தீப்பொறி, பூத்தூவல், கத்திச் சண்டையின் மின்னல், இவை வரும் ஒவ்வொரு ஷாட்டையும் மூலத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துகளை முழுதாகத் துடைத்தால் முகம் மெழுகாகும். செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் கருவிகள் இன்னும் மோசம், இல்லாத இமைமயிரைத் தானாக வரைந்து வைக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த நடிகையின் கண் அது இல்லை. இது என் கருத்து, மாற்றுக் கருத்துள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்வதை மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கக்கூடாது. நிறமேற்றுவது பற்றிக் கேட்காததற்கு நன்றி.

ஒலியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், எனக்கோ அதுதான் இந்த மாதிரிப் பிரிண்டின் பெரிய புதையல். பாட்டுகள் இசைத்தட்டில் தனியாக வந்திருக்கும், ஆனால் படத்தில் ஒலித்த வடிவம் வேறு. நீளம் வேறு, இடையில் வசனம் வரும், சில சமயம் ஒரு சரணம் கூடுதலாக இருக்கும். ஒலித்தடம் பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாக அச்சாகியிருக்கிறது, அதையும் படம் போலவே ஸ்கேன் செய்து ஒலியாக மாற்றலாம். ஏஇஓ-லைட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலைக்கென்றே இருக்கிறது. ஒரு நுணுக்கம் மட்டும் மனதில் வையுங்கள். ஒரு பிரேமின் ஒலி அந்தப் பிரேமின் பக்கத்தில் இருக்காது, ஏறத்தாழ 20 பிரேம் முன்னாலேயே அச்சாகியிருக்கும். எனவே ஆபரேட்டர் வெட்டி ஒட்டிய இடத்தில் படம் தாவினால், ஒலி அதற்கு ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைவாகக் கழித்துத் தாவும். படம் போன இடத்தில் ஒலி பிழைத்திருக்கும், ஒலி போன இடத்தில் படம் பிழைத்திருக்கும். இணையத்தில் இருக்கும் அந்த மங்கல் பிரதி இங்கே கைகொடுக்கும். உங்கள் ரீலில் இல்லாத நாலு பிரேமும் ஒரு சொல்லும் அதில் இருக்கலாம். அங்கே இருந்து எடுத்து ஒட்டியதைக் குறித்து வையுங்கள். எதை எங்கிருந்து எடுத்தோம் என்ற ஒரு நோட்டு, ரீல் எண், அடி எண்ணோடு இருந்தால், நாளைக்கு நல்ல பிரதி வேறு கிடைக்கும்போது உங்கள் உழைப்பு வீணாகாது.

சட்டத்தில் நான் கெட்டிக்காரன் இல்லை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த அடிப்படை இது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் திரைப்படத்துக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 வருடம். 1955 படத்துக்கு 2015 முடிவோடு போயிற்று. ஆனால் அது படத்துக்கு மட்டும். பாட்டு, கதை, வசனம் எழுதியவர்களுக்கு அவர்கள் மறைந்து 60 வருடம் வரை தனி உரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆக அவர் எழுதிய பாட்டுக்கு 2041 வரை. இந்த இரண்டும் மோதும் இடத்தில் என்ன நிலை என்று வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும். ரீல் உங்களிடம் இருப்பதால் படம் உங்களுடையது ஆகாது. ரீலே உங்களுடையதா என்பதும் கேள்விதான். மதுரை, ராமநாதபுரம் ஏரியா உரிமை வாங்கிய விநியோகஸ்தரிடமிருந்து வாடகைக்கு வந்து திரும்பாமல் போன பெட்டியாகவும் இருக்கலாம். அது போகட்டும், அதைவிடப் பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீடு பங்காளிகளுக்குப் பொது. உங்கள் ஐயாவின் டப்பா என்று நீங்கள் சொல்வீர்கள், பொது அறையில் இருந்தது என்று சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா சொல்வார். வெளியே எடுத்துப் போவதற்கு முன் எல்லாப் புள்ளிக்கும் (பங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஒரு வார்த்தை சொல்லி, ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். நல்ல பொருள்கள் பல இந்தச் சண்டையில் பூட்டிக் கிடந்தே மக்கிப் போனதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஸ்கேன் முடிந்ததும் ரீலைத் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் வைத்திருக்க முடியாது என்றால் புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம், 1964 முதல் அவர்கள் வேலையே இதுதான். மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற தனியார் அமைப்பும் இருக்கிறது. உங்கள் படம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்பதைச் செலவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். இருந்தால், உங்கள் பிரிண்டில் கூடுதலாக இருக்கும் பாட்டை மட்டும் ஸ்கேன் செய்தால் போதும், பணமும் மிச்சம்.

இப்போதைக்கு எனக்கு மூன்று தகவல் வேண்டும். எந்தெந்த டப்பாவில் நெடி, சான்றிதழில் எத்தனை அடி, நூறு இடைவெளிக்கு எத்தனை மில்லிமீட்டர். ஒவ்வொரு ரீலிலும் தலையிலும் நடுவிலும் இரண்டு முறை அளந்து எழுதுங்கள், வெளிச்சுற்று ஒரு மாதிரியும் உள்சுற்று ஒரு மாதிரியும் சுருங்கியிருக்கும். நடுப்பகுதியை அடைய ரீலைப் பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தால் இழுக்காமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அந்த ரீலுக்கு வெளி அளவே போதும்.